கோழிப் பருந்தோடு பேரம் பேசியவன்

வல்லூறு பழக்குகிற வேலையில் விலை சொல்லுவது பறவை; தலையாட்டுவது மட்டும்தான் நம்முடைய பங்கு.

தடித்த தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டியபடி, பனியில் கால் விறைக்க நின்றிருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நோர்வேயில், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவன். பாத்திரம் கழுவி, மீன்பெட்டி தூக்கி, நாலு பேரிடம் ஏமாந்து, ஐந்தாவது ஆளைச் சட்டையில் பிடித்து மேலே வந்தவன். பேரத்தில் என்னை வென்றவர்கள் ஒஸ்லோவில் குறைவு. கோபமும் எனக்குக் கொஞ்சம் கூடத்தான். இந்த நாட்டில் பருந்தை வைத்து வேட்டையாட அனுமதி இல்லை. ஆனால் அடிபட்ட பருந்துகளைத் தேற்றிக் காட்டில் விடுகிற ஒரு காப்பகத்தில், பழைய காலத்துப் பருந்து வேட்டைக்காரரின் முறையிலேயே அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்குள்தான் நான் விழுந்தேன்.

கல்லெறிந்தது யார்

தை மாதத்து மதியம். கடைக் கண்ணாடியில் படாரென்று ஒரு சத்தம். எவனோ கல்லெறிந்துவிட்டான் என்று, கையில் கிடைத்த தும்புத்தடியோடு வெளியே பாய்ந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. கீழே பனியில் ஒரு பெரிய பருந்து, ஒரு செட்டை தொங்கக் கிடந்தது. புறாவைத் துரத்திவந்து கண்ணாடியில் மோதியிருக்கிறது. நோர்வேக்காரர் கோழிப் பருந்து என்று சொல்லுகிற இனம். தூக்கப்போன என் கையையே கிழித்தது. அடிபட்டுக் கிடந்தும் இறங்கிவராத அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போயிற்று. குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி மூடி, காரில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினேன்.

காப்பகத்தை நடத்துகிறவள் மாரிட். முப்பது வயதிருக்கும். மெல்லிய குரல், ஒரு சொல்லையும் வீணாக்கமாட்டாள். பெட்டைப் பருந்து, செட்டை எலும்பு வெடித்திருக்கிறது என்றாள். எலும்பு பொருந்தினாலும், தானே பறந்து இரை பிடிக்கிற பலம் திரும்பாவிட்டால் மிருக வைத்தியர் ஊசி போட்டு முடித்துவிடுவார். எவ்வளவு அவகாசம் என்று கேட்டேன். பனி உருகத் தொடங்கும்வரை என்றாள். உருகி முடியும்வரை என்றேன் நான். சண்டை பிடித்தேன், குழைந்தேன், கோபித்துக்கொண்டு போகிறவன்போலக் கதவுவரை போய்த் திரும்பினேன்.

மாரிட் சொன்னாள்: "சரி, உருகி முடியும்வரை. ஆனால் அவளைக் கையில் வைத்துப் பயிற்சி கொடுக்க என்னிடம் ஆள் இல்லை. நீயே வா."

மஞ்சள்

எலும்பு பொருந்தியதும் முதல் பாடம், கையுறையில் இருந்தபடி பறவை சாப்பிடப் பழகுவது. என் விரல்களுக்கு நடுவில் இருக்கிற இறைச்சியை அது குனிந்து ஒரு முறை கொத்திவிட்டால் பாதி வெற்றி. காப்பகத்தில் கொடுக்கிற உறைந்த கோழிக்குஞ்சுகளைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. என்னுடைய விருந்தாளி, நான் நல்லதாகக் கொண்டுபோகிறேன் என்று வீட்டிலிருந்து கோழி நெஞ்சு எடுத்துப்போனேன். எங்கள் வீட்டில் மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாத இறைச்சியை ஒருத்தரும் தொடமாட்டோம். மனைவி மேரி வழக்கம்போல அலசித்தான் கட்டித்தந்தாள்.

பருந்து அந்தத் துண்டை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மற்றக் கண்ணால் பார்த்தது. சொண்டால் எடுத்து, என் காலில் இருந்த சப்பாத்தின்மேல் போட்டுவிட்டு, சொண்டைக் கையுறையில் துடைத்தது. மாரிட் குனிந்து அதை எடுத்து முகர்ந்தாள். மஞ்சளான தன் விரலைப் பார்த்தாள்.

"அவளைத் தேற்றச் சொன்னேன். சமைக்கச் சொல்லவில்லை."

தலைகீழாக

தக்காளி அனுப்புகிறவன் அழுகல் பெட்டி இரண்டைத் தலையில் கட்டிவிட்டான். அவனோடு தொலைபேசியில் கத்திக்கொண்டே காப்பக வாசலுக்குப் போய், கத்தி முடிந்த கையோடு கையுறையை மாட்டினேன். பருந்து என் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். கையிலிருந்து பாய்ந்து, காலில் கட்டியிருந்த தோல்வாரில் தலைகீழாகத் தொங்கிச் செட்டையை அடித்தது. பொருந்திவந்த செட்டை. தூக்கி வைத்தேன், திரும்பவும் பாய்ந்தது. நான் நோர்வீஜியனிலும் தமிழிலும் ஏச, அது இன்னும் அடித்தது.

மாரிட் என் கையிலிருந்து பறவையை வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டாள். வெளியே பனியில் அரை மணித்தியாலம் நடந்தேன். அந்தச் செட்டை திரும்பவும் வெடித்திருந்தால் கொன்றது வைத்தியர் இல்லை, நான்தான் என்பது அந்தக் குளிரில் நன்றாக விளங்கியது. நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து காப்பகத்துக்குப் போகும் வழியில் தொலைபேசியை எடுப்பதில்லை. வாசலில் நின்று மூச்சை ஆறவிட்டுத்தான் உள்ளே போவேன். வீட்டிலும் குரல் இறங்கிவிட்டது என்று மேரிதான் கண்டுபிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் இவ்வளவு வருசமாச் சொல்லிக் கேக்காத ஆள், ஒரு பருந்து முறைச்சவுடனை திருந்திட்டியள்."

வாடிக்கையாளர் கவலை

பக்கத்து ரொம்மன் பகுதியில் இருக்கிற செந்தில் மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கணினி வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து முருங்கைக்காய்க்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்பார், நான் பாய்வேன், அவர் சிரிப்பார். ஒரு சனிக்கிழமை அவர் கேட்டதும், "ஓம் தம்பி, எடுங்கோ" என்றுவிட்டேன். அவர் எடுத்த காயைத் திரும்ப வைத்தார். என் கையில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சண்டை போடாம குடுத்தா பயமா இருக்குண்ணே. வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

விலையை ஏற்றியவன்

அடுத்து வந்தது பெரிய பாடம். காலில் நீளக் கயிறு கட்டி, பறவையை ஒரு கட்டையில் இருத்திவிட்டு, தூரப் போய் நின்று இறைச்சியைக் காட்டுவோம். பறந்துவந்து கையில் இறங்கவேண்டும். தூரம் கூடக் கூடத்தான் செட்டைக்குப் பலம். பக்கத்தில் நின்றால் வந்தாள். பத்தடி தள்ளினால் வரமாட்டாள். நானும் கடைக்காரன் புத்தியில், வராத சனத்துக்குச் சரக்கைக் கூட்டிக் காட்டினேன். சின்னத் துண்டு, பிறகு பெரிய துண்டு, பிறகு முழுக் காடை. பெரிய துண்டுக்கு மெதுவாக வந்து வயிறு முட்டத் தின்றாள். அதற்குப் பிறகு ஒரு கிழமையாகக் கட்டையில் இருந்து இறகு கோதினாள். தராசில் வைத்தால் நிறை ஏறியிருந்தது. வெளியே கூரையில் இருந்து பனி சொட்டத் தொடங்கிவிட்டது.

வயிறு நிறைந்த பருந்துக்கு நான் வெறும் மரம் என்று மாரிட் சொன்னாள். நிறை இறங்கக் காத்திருந்தோம். பிறகு ஒரு காலை, விரலிடுக்கில் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு சின்னத் துண்டு. நீட்டினேன், கூப்பிட்டேன், கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு உள்ளே சூடேறியது. கத்தவில்லை. "வேண்டாமென்றால் விடு" என்று முதுகைக் காட்டித் திரும்பி நடந்தேன். கடையில் எத்தனை பேருக்கு நான் இப்படி முதுகைக் காட்டியிருப்பேன். கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தேன். காதுக்குப் பக்கத்தில் காற்று கிழிந்தது; தோள்வரை கை அதிர்ந்தது. கயிற்றின் முழு நீளத்துக்கும் பறந்து வந்திருந்தாள்.

மாரிட் வாயைத் திறந்தபடி நின்றாள். "முறைத்துப் பார்க்காதே என்று எல்லாப் புதியவருக்கும் சொல்லிக்கொடுப்பேன். உனக்கு இன்னும் அந்தப் பாடம் நடத்தவே இல்லையே."

வைத்தியரின் தீர்ப்பு

காட்டோரச் சரிவில் பனி இருந்தது இரண்டு மர நிழலில் மட்டும். வைத்தியர் வந்தார், உயரமான மனிதர், பையில் ஊசியும் இருந்தது. சொன்ன கணக்கு எளிது. புறாச் செட்டை கட்டிய தோல் பொம்மையை ஒருவர் மேட்டை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். பருந்து துரத்திப் பிடிக்கவேண்டும். ஒரு முறை இல்லை, அவர் போதும் என்கிறவரை. பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காட்டில் விடமாட்டார்.

நான்தான் ஓடினேன். முதல் முறை பாதிச் சரிவில் பிடித்தாள். இரண்டாவது முறையும் அப்படித்தான். வைத்தியர் "இன்னொன்று" என்றார். வியாபாரத்தில் இப்படி இழுத்தடிக்கிறவனை நான் சும்மா விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப ஓடினேன். மேட்டுக்கு ஏறும்போது சேற்றில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன். தலைக்கு மேலால் அவள் போன நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பொம்மையை இரண்டு காலாலும் அமத்திக்கொண்டு, சொண்டு இறுக மூடியபடி என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். வைத்தியர் வந்து குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பறவைக்கு மூச்சு வாங்கவில்லை, விடலாம். இந்த மனிதனைத்தான் யாராவது ஒரு டாக்டரிடம் காட்டவேண்டும்."

விட்ட அன்று

ஞாயிறு பூசை முடிந்து மேரியையும் கூட்டிக்கொண்டு போனேன். காட்டோரத்தில் மாரிட் தோல்வார்களை வெட்டினாள். காலில் ஒன்றும் இல்லாமல் அவளைக் கையில் வைத்திருந்தது அன்றுதான் முதலும் கடைசியும். கையை உயர்த்தினேன். ஊசியிலை மரங்களுக்கு மேலால் ஏறி, காற்றில் ஒரு முறை சரிந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்து, வெறுங்கையை இறக்காமலே நின்றேன். ஆனாலும் என் குணம் விடுமா. திரும்பி ஒரு பார்வை பார்க்கவில்லையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பின்னை என்ன, அச்சொட்டா உங்கடை வளர்ப்புத்தான். காரியம் முடிஞ்சால் போயிட்டு வாறன் எண்டு ஒரு சொல்லும் இல்லை."

நான் ஒஸ்லோவில் முடித்த வியாபாரங்களிலேயே, கைக்கு ஒன்றும் வராமல் போயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பியது இந்த ஒன்றில்தான்.