ஸ்டெல்லாவின் இடது கை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிச் சாப்பிடுகிற நான், கீபோர்டில் என்டர் கீ எதற்காக இருக்கிறது என்பதைப் போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு பெண்ணின் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்த பிறகு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். ஊரே மொபைல் ஆப் செய்துகொண்டிருக்க, நான் இன்னும் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். மேஜைமேல் கம்ப்யூட்டர், எதிரே நாற்காலி, அதில் ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டுவாரே... அந்த வகை. பெங்களூரில் இதை வெளியே சொன்னால், நான் ஏதோ தந்தி ஆபீஸில் வேலை பார்ப்பதுபோல் அனுதாபமாகப் பார்க்கிறார்கள்.

லிங்கராஜபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் என் பழைய கஸ்டமர். நடத்துகிறவர் ஒரு டாக்டரம்மா. வீட்டில் கன்னடம், லேபில் தமிழ். அங்கே ரிப்போர்ட் டைப் செய்கிறவர் ஸ்டெல்லா. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயில் பிடித்து வருகிறவர். மெஷின் துப்புகிற ஸ்லிப்பைப் பார்த்து, ஒவ்வொரு நோயாளியின் ஹீமோகுளோபின், பிளேட்லெட், சுகர் என்று கட்டம் கட்டமாக எண்களைத் தட்டுவார். திரையைப் பார்க்கவே மாட்டார். கண் ஸ்லிப்பில், விரல் கீபோர்டில். பத்து வருடமாக ஒரு தகராறும் இல்லை.

தகராறு இல்லாத இடத்தில் எனக்குக் கை அரிக்கும். சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பினேன்.

பழைய சாஃப்ட்வேரில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். இது உலக வழக்கத்துக்கு விரோதம் என்று எங்கோ படித்தேன். நாகரிகமான நாடுகளில் கட்டம் தாண்ட டேப் கீ. என்டர் என்றால் ‘முடிந்தது, சேவ் பண்ணு’. அப்படியே மாற்றினேன். சேவ் ஆனதும் அடுத்த நோயாளியின் பக்கம் தானாகவே திறக்கும்படி ஒரு கூடுதல் வசதியும் செய்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் செய்தேன்.

சோதித்துப் பார்க்காமல் கொடுக்கவில்லை. நான் சோதிக்கிற நோயாளியின் பெயர் எப்போதும் ‘ஆஆஆ’. அவருக்கு எல்லாக் கட்டத்திலும் 1. மருத்துவக் கணக்கில் அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

புது வெர்ஷன் போட்ட முதல் திங்கட்கிழமையே டாக்டரம்மா கூப்பிட்டார்.

“நோடி சார், இங்க பாருங்க, ஒருத்தருக்கு ஹீமோகுளோபின் நூத்தி இருபத்தாறுன்னு வந்திருக்கு.”

“எவ்வளவு இருக்கணும் டாக்டர்?”

“பதிமூணு, பதினாலு. நூத்தி இருபத்தாறு இருந்தா அவர் மனுஷன் இல்ல, இரும்பு மின்கம்பம்.”

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறவர் அவர். அதனால் மின்கம்பம் வெளியே போகவில்லை. ஸ்டெல்லா டேப்புக்குப் பதில் பழக்கதோஷத்தில் என்டர் தட்டியிருக்கிறார். முதல் எண்ணோடு ரிப்போர்ட் சேவ் ஆகி, அடுத்தடுத்த நோயாளிகள் திறந்து, இவருடைய சுகர் வேறொருவருடைய ஹீமோகுளோபினாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் கொடுத்த ரத்தத்தை என் சாஃப்ட்வேர் நாலு பேருக்குப் பங்கு வைத்திருந்தது.

நேரில் போய்ப் பார்த்தேனா? என் வீடு பொம்மனஹள்ளி. லேப் லிங்கராஜபுரம். நடுவில் பெங்களூர் இருக்கிறது. ரிமோட்டில் நுழைந்து, வீட்டிலிருந்தே அவர்கள் திரையைப் பார்த்து, ஒரு கேள்விப் பெட்டி வைத்தேன்: ‘சில கட்டங்கள் காலியாக உள்ளன. சேவ் செய்யவா? யெஸ் / நோ.’

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டியில் என்டர் தட்டினால் யெஸ். ஏற்கெனவே திரையைப் பார்க்காமல் என்டர் தட்டுகிறவரிடம், என்டரிலேயே பதில் சொல்லும்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை இன்னும் இரண்டு மின்கம்பங்கள் வந்தன.

அப்போதாவது யோசித்தேனா? இல்லை. பழி நம்மேல் வந்துவிடுமே என்று ஒரு லாக் வைத்தேன் — யார், எப்போது, எந்தப் பட்டனை அமுக்கினார் என்று சத்தமில்லாமல் குறித்துக்கொள்கிற ஃபைல். வார முடிவில் அதை அழகாக பிரிண்ட் எடுக்கிற மாதிரி டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். ‘ஆபரேட்டர் முப்பத்தெட்டு முறை யெஸ் அமுக்கியுள்ளார். சாஃப்ட்வேர் எச்சரித்தும் கேட்கவில்லை.’

டாக்டரம்மா உடனே போன் செய்தார்.

“மெஷின் சரி. சாஃப்ட்வேர் சரின்னு நீங்க சொல்றீங்க. அப்போ மிச்சம் இருக்கிறது ஆள்தானே? வேற பொண்ணு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வந்து அவளுக்கு டிரெயினிங் கொடுத்திடுங்க. ஸ்டெல்லாகிட்ட சனிக்கிழமை சொல்லிக்கறேன்.”

போனை வைத்துவிட்டுத் தட்டிலிருந்த மசால் வடையை எடுத்தேன்; பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். உப்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போனேன். புதுப் பெண் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று ஸ்டெல்லா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“என்னா சார், இன்ஸ்பெக்ஷனா?”

“இல்லம்மா. சும்மா பார்க்கலாம்னு.”

“பாருங்க. டாக்டரம்மா மூணு வாரமா பார்த்துட்டுதான் இருக்காங்க.”

கூட்டம் இல்லாத நேரம். ஸ்லிப்பை மேஜையில் வைத்து, ஒரு எண் தட்டி, இடது கையை நீட்டி டேப், மறுபடி ஒரு எண், டேப் என்று தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தப்பு இல்லை. அப்புறம் எப்படி மின்கம்பம்?

எட்டரை மணிக்குக் கூட்டம் வந்தது. சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வருகிற கூட்டம். பசி, கோபம் இரண்டும் கலந்து நின்றது. ஸ்லிப்புகள் குவிய ஆரம்பித்தன. அப்போது பார்த்தேன்.

ஸ்லிப்பில் எழுத்து எறும்பு சைஸ். வரிசையாக இருபது எண்கள். வரி தவறிவிடாமல் இருக்க, ஸ்டெல்லா இடது ஆள்காட்டி விரலை ஸ்லிப்பின்மேல் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். வலது கை மட்டும் நம்பர் பேடில், கீபோர்டின் வலது மூலையில் எண்கள் தனியாக இருக்குமே, அங்கே. அந்த நம்பர் பேடில் என்டர் இருக்கிறது. டேப் இல்லை. டேப் இருப்பது இடது ஓரத்தில்.

டேப் தட்ட வேண்டுமென்றால் ஸ்லிப்பிலிருந்து விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் வரி தவறும். ஆக, நான் அவருக்குக் கொடுத்திருந்தது இரண்டு வழிகள். வரியைத் தப்பாகப் படிக்கலாம். அல்லது தப்பான கீயைத் தட்டலாம். அவர் மூன்று வாரமாக மாற்றி மாற்றி இரண்டையும் சமாளித்திருக்கிறார்.

எங்கள் தொழிலில் எல்லாப் பிரச்சினைக்கும் இன்டர்நெட்டில் விடை இருக்கிறது. திரை உறைந்துவிட்டதா, விடை உண்டு. பட்டனை ஒருவர் ஐந்து தடவை அமுக்கி ஐந்து பிரிண்ட் வருகிறதா, அதற்கும் உண்டு. ஆனால் ‘ஆபரேட்டரின் இடது கை எங்கே இருக்கிறது?’ என்று யாரும் அங்கே கேட்டதில்லை. ரிமோட்டில் நுழைந்தால் திரை தெரியும். கை தெரியாது.

எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனேன். அந்த வடையைக் குறை சொன்னது தப்பு என்று வழியிலேயே புரிந்துவிட்டது.

“டாக்டர், தப்பு என்னோடது.”

“எது?”

“மூணு வாரமா நடக்கிறது எல்லாம்.”

“அப்போ அந்த லாக்? முப்பத்தெட்டு தடவை யெஸ்ஸுன்னு இருந்ததே?”

“அதுவும் நான் எழுதினதுதான் டாக்டர். யெஸ்ஸைத் தவிர வேற எதையும் அமுக்க முடியாத மாதிரி கேட்டுட்டு, யெஸ் அமுக்கினாங்கன்னு உங்ககிட்ட கோள் சொல்லியிருக்கேன்.”

கைகளால் செய்து காட்டினேன். ஒரு விரல் அவருடைய லெட்டர்பேடில், ஒரு கை காற்றில். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, புதுப் பெண்ணிடம் கன்னடத்தில் வரவேண்டாம் என்றார். மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நான் மெதுவாக நகரப் பார்த்தேன்.

“நில்லுங்க சார். ஸ்டெல்லாவை நான் ஹால்ல வெச்சுத் திட்டினேன். எல்லாரும் பார்த்தாங்க. நீங்களும் ஹால்லயே போய்ச் சொல்லுங்க.”

சொன்னேன். முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று, “ஸ்டெல்லாம்மா, மூணு வாரமா நடந்த தப்பு எல்லாம் உங்க மேல இல்ல, என் மேல” என்றேன். ஒரு பெரியவர் பஞ்சை இன்னும் பலமாக அமுக்கிக்கொண்டு, “அப்போ போன வாரம் வாங்கின என் ரிப்போர்ட்டு?” என்றார். டாக்டரம்மா அறையிலிருந்து, “உங்களுது நானே பார்த்தேன், நல்லா இருக்கு” என்று குரல் வந்தது.

ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

நாலே வரி. எண் கட்டத்தில் என்டர் வந்தால் அதை டேப் என்று எடுத்துக்கொள். கடைசிக் கட்டத்துக்கு அப்புறம்தான் சேவ் பட்டன். அடுத்த நோயாளியைத் தானாகத் திறக்காதே. கேள்விப் பெட்டியைத் தூக்கு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. லாக்கையும் அழித்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அழித்தேன்.

ஸ்டெல்லா உட்கார்ந்தார். இடது விரல் ஸ்லிப்பில் இறங்க, வலது கை தடதடவென்று ஓடியது. ஒரு ரிப்போர்ட், இரண்டு, மூன்று. திரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தனக்கு என்ன காத்திருந்தது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன். இந்த வயதில் திருந்திய மனிதனின் பணிவோடு, நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“சொல்லுங்கம்மா. அடுத்த வெர்ஷன்ல உங்களுக்கு என்ன வேணும்?”

ஸ்லிப்பிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னார்:

“அடுத்த வெர்ஷன் வேணாம் சார்.”