தங்கள் மறைவுக்கு வருந்துகிறோம்

என் முதலாவது அலுவலக உத்தியோகம் அறுபது வயதைக் கடந்த பின்னரே எனக்கு வாய்த்தது. அதற்கு முன்னர் நான் சும்மா இருந்தவன் அல்லன். ஆயுளின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாகக் கழித்தவன். ஆனால் அதை அனுபவமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்பதைக் கொள்ளுப்பிட்டியில் உள்ள அந்தக் காப்புறுதி நிறுவனத்தின் ஆளணிப் பிரிவு முதல் நாளே எனக்கு மிகுந்த மரியாதையுடன் தெளிவுபடுத்தியது. பள்ளிக்கூடம் முடித்து வந்த பிள்ளைகளோடு நானும் பயிலுநர் தரத்தில் சேர்க்கப்பட்டேன்.

வேலை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவி காலமாகி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள், வெள்ளவத்தை வீட்டில், அவள் காப்புறுதி செய்திருந்த அந்த நிறுவனத்திலிருந்து அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, தங்கள் மறைவுக்கு வருந்துகிறோம். எமது சேவை குறித்த தங்கள் திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரையான இலக்கத்தால் அறியத் தரவும்.” அவள் பதிலளிக்கவில்லை. அவள் சார்பில் நான் இரண்டு பக்கங்களில் பதில் எழுதினேன். நிறுவனம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலைக்கு வரும்படி கேட்டது. தாங்கள் வெளியிடும் தமிழைக் கடைசி வரி வரை வாசித்தவர் இதுவரை எவரும் இல்லையாம். ஆகவே அதைத் திருத்தும் பொறுப்பை நானே ஏற்க வேண்டுமாம்.

மெல்பேர்னிலிருக்கும் மகள், நல்லது, பொழுது போகும் என்றாள். பொழுது எனக்கு ஒரு பிரச்சினையே அல்ல. அந்தச் செய்தி இன்னொரு வீட்டில் வந்து விழக் கூடாது என்பதற்காகவே நான் சம்மதித்தேன்.

அலுவலகம் எனக்குப் பலவற்றைக் கற்பித்தது. வாசலில் பெருவிரலை வைத்து வரவைப் பதியும் இயந்திரம் ஒன்று உண்டு. என் விரலில் ரேகை போதாது என்று அது நாள்தோறும் என்னை நிராகரித்தது. உள்ளே மேசையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்த நான், அதன் பதிவுகளின்படி, பல வாரங்கள் சமுகமளிக்கவே இல்லை. கூட்டம் என்பது அடுத்த கூட்டத்தின் நாளைக் குறிப்பதற்காகக் கூட்டப்படுவது என்றும், அவசரம் என்று குறிக்கப்பட்டவை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னர் பார்க்கப்படுபவை என்றும் அறிந்துகொண்டேன். குளிரூட்டியின் அளவைக் குறைக்கும் அதிகாரம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை. நுவரெலியாவுக்கென வாங்கிய கம்பளிச் சட்டையைக் காலி நகருக்குச் செல்லும் காலி வீதியின் வெயிலில் சுமந்து செல்பவனானேன்.

என் மேலதிகாரி என் மகளை விட இளையவர். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் இளைஞர். தமிழ் நன்றாகப் பேசுவார். வாசிக்க நேரமில்லை. முதல் வாரத்திலேயே அந்தக் குறுஞ்செய்தியை மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அது கணினிப் பிரிவின் விடயம் என்று மேல்மாடியைக் காட்டினார். மேல்மாடியில், வாசகம் எங்கள் விடயமல்ல, உங்கள் பிரிவினுடையது என்றார்கள். எங்கள் பிரிவு என்பது என் மேலதிகாரிதான். இவ்விதம் படியேறி இறங்கிய மாதங்களில் தீபாவளி வாழ்த்தையும் நாட்காட்டியையும் செம்மையாகத் திருத்திக் கொடுத்தேன். அதே காலத்தில் எத்தனை வீடுகளுக்கு அந்தச் செய்தி போயிருக்கும் என்பதை எவரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னர் என் பிறந்தநாள் வந்தது. எங்கள் வீட்டில் ஆண்டுத் திவசம் வரை எந்தக் கொண்டாட்டமும் இல்லை. ஆளணிப் பிரிவின் நாட்காட்டி ஊழியர்களின் பிறந்த தேதிகளை மட்டுமே அறியும். ஆகவே கேக் வந்தது. கேக் வந்தால் எல்லா மாடிகளும் வரும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் வெட்டினேன்.

கணினிப் பிரிவின் சிங்கள இளைஞர் ஒருவர் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் விடயத்தைச் சொன்னேன். ஐந்து நிமிட வேலைதான், இதுவரை யாரும் கேட்கவில்லை, உங்கள் பெரியவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்றார். அந்தப் பெரியவர், என் மேலதிகாரி, கையில் கடதாசித் தட்டுடன் அருகிலேயே நின்றார்.

“அதுக்கு ஒத்தரும் கம்ப்ளைன்ட் பண்ணல்லயே சேர்,” என்றார்.

“ஒருத்தர் செய்தவர்,” என்றேன். “அந்த ஆளைத்தான் நீங்கள் வேலைக்கு எடுத்து வைச்சிருக்கிறியள்.”

அவர் சிரித்தார். பின்னர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“சேர்ட வைஃபுக்கா அது வந்திச்சு?”

“ஓம்.”

தட்டை மேசையில் வைத்தார். என் கடிதம் ஆளணிப் பிரிவோடு நின்றுவிட்டது என்பதும், நான் எப்படி அங்கு வந்து சேர்ந்தேன் என்பது அவருக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருப்தி கேட்கும் வரியை இன்றைக்கே எடுத்துவிடுவோம், புதிதாக ஒன்று எழுதித் தாருங்கள் என்றார். குரல் தாழ்ந்திருந்தது. துக்கம் விசாரிப்பவர்களின் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்காமலிருக்க அலுவலகம் நல்ல இடமாக இருந்தது. அதுவும் அன்றோடு முடிந்தது.

எழுதிக் கொடுத்தேன். இனிமேல் அது இறந்தவரின் இலக்கத்துக்கன்றி வீட்டாரின் இலக்கத்துக்குப் போகும். “அவருடைய மறைவை அறிந்து வருந்துகிறோம். இப்போது நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இயலும்போது இந்த இலக்கத்துக்கு அழையுங்கள். ஓர் ஆள் தமிழில் பேசுவார்.” மேலதிகாரி அதை என் முன்னாலேயே முழுவதும் வாசித்தார். எந்த ஆள் என்று கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை. மறுநாள் என் மேசையில் ஒரு தொலைபேசி பொருத்தப்பட்டது.

முதலில் அழைத்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பேசினார். வயதான குரல்.

“மெசேஜ் ஒண்டு வந்திச்சு. ஆள் பேசுவார் எண்டு போட்டிருக்கு. நீங்க ஆளா, மெஷினா?”

“ஆள்தான் ஐயா.”

“அப்ப நான் இண்டைக்கு அங்க வரத் தேவையில்லைதானே?”

“தேவையில்லை. ஏலும் எண்டால் பிறகு வாங்கோ.”

சரி என்றார். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. நான் கேட்காமலே, தம் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.