டைனமோ வழுக்கவில்லை

எங்கள் ஐயா தெல்லிப்பழையில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்ததால் படிப்பை விட்டு மண்வெட்டி பிடித்தார். வெங்காயமும் புகையிலையும் போட்டுத் தம்பி தங்கைகளைக் கரைசேர்த்த பிறகுதான் அம்மாவைக் கைப்பிடித்தார். சண்டை மூண்டு நாங்கள் கொக்குவிலுக்கு இடம்பெயர்ந்தபோது அவர் கொண்டுவந்தவை ஒரு சைக்கிளும் ஒரு வானொலியும்தான்.

கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. எல்லா வீடுகளையும் போல நாங்களும் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவால் வானொலி கேட்டோம். மாலைச் செய்திக்கு அயலட்டையே எங்கள் விறாந்தையில் கூடும். மிதிக்கும் வேலையை ஐயா எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

சில மாதங்களில் செய்தியின் நடுவே வானொலியின் குரல் கம்மத் தொடங்கியது. "டைனமோ வழுக்குது" என்பார் ஐயா. துடைத்தோம், எண்ணெய் விட்டோம், வேறு டைனமோவும் மாற்றினோம். கடைசியில் அம்மாதான் சொன்னார்: "டைனமோ இல்லைப் பிள்ளை, ஐயாவின்ரை முகத்தைப் பார். வேர்த்து வழியுது."

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எடுத்த ஈசீஜியில் ஒரு குறையும் இல்லை. ஐயாவுக்குப் பெரிய சந்தோஷம். வெளிக்கிட்டவரை மறித்து, மூத்த மகளான நான் டாக்டரிடம் வானொலிக் கதையைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"படுத்திருக்கேக்கை இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை. வேலை குடுத்துத்தான் பாக்க வேணும். அதுக்குரிய மிசின் கொழும்பிலைதான் இருக்கு. நாளைக்குச் சைக்கிளோடை வாங்கோ."

மறுநாள் டாக்டர் பக்கத்தில் நிற்க, ஐயா மிதித்தார்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை."

"உண்மையாய்?"

"இல்லை எண்டுறன்."

முகம் வெளிறியதும் டாக்டர் நிறுத்திவிட்டார். கையோடு கட்டிலில் கிடத்தி மறுபடி ஈசீஜி எடுத்தார். முதல் நாள் ஒழுங்காக ஓடிய கோடு இப்போது ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கீழே இறங்கி நின்றது. இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்றார் டாக்டர்.

"உந்தப் பேப்பர் என்னைக் காட்டிக் குடுத்திட்டுது" என்றார் ஐயா.

கொழும்புக்குப் போய், இரத்தக் குழாய்களில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் அடைப்பு எங்கே என்று தெரியும். ஐயா மறுத்துவிட்டார். "பாதை பூட்டிக் கிடக்குது, கிளாலிக் கடலாலை வள்ளத்திலை போய்ச் சேர முதல் நெஞ்சு நிண்டிடும். நான் வீட்டிலையே கிடக்கிறன்." எங்களுக்குக் கோபமும் அழுகையும் வந்தன. அவர் அசையவில்லை. நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும், இனி மிதிக்கவே கூடாது என்ற கட்டளையும்தான் மிஞ்சின.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து அடுத்த வளவில் இருந்த மரியதாஸ் அண்ணை அன்று மாலையே வந்து சைக்கிளில் ஏறினார். "நீங்கள் இருந்து கேளுங்கோ ஐயா. வலை இழுத்த கைக்கு இப்ப வேலையில்லை, காலாவது உழைக்கட்டும்." ஐயா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி "மெல்ல மிதி, மெல்ல மிதி" என்று அதிகாரம் பண்ணுவார். இரண்டு வருடம் அப்படிப் போனது.

சென்ற ஆண்டு ஒரு மாலை, செய்தி முடியும்வரை குரல் கம்மவே இல்லை. மரியதாஸ் அண்ணை இறங்கித் திரும்பி, "என்ன ஐயா, இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்றார். ஐயா கண்மூடிச் சாய்ந்திருந்தார். போய்விட்டார்.

ஐயாவைப் பார்த்த டாக்டருக்கும், தட்டுப்பாட்டுக் காலத்தில் குளிசை தேடித் தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மரியதாஸ் அண்ணை அன்றிலிருந்து எங்கள் விறாந்தைக்கு வருவதில்லை. திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தேனே என்று வீட்டில் சொல்லி அழுகிறாராம். அண்ணை, ஐயாவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். தானே மிதித்த கடைசி மாதங்களில் ஐயா ஒரு நாளும் செய்தியை முழுதாகக் கேட்கவில்லை. கேட்க வைத்தவர் நீங்கள்தான். சைக்கிள் இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. மாலையில் வாருங்கள்.