வள்ளக்காரர் என்று சொன்னேன்

அன்று வள்ளத்தில் பிஜு, செல்வின், மணி, நான் என நான்கு பேர் இருந்தோம். வள்ளத்தின் சொந்தக்காரரான அப்பா இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பி.ஏ. தேறியிருந்தேன். அதைக் கொண்டாட, நண்பர்களோடு நெய்யாற்றின் கண்டல் எனும் அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கேக் வெட்டுவதாக ஏற்பாடு.

"இண்ணு பொழி வெட்டுகாவ மக்கா. ஆத்துவாய் மணலத் தொறந்தா வெள்ளம் கடலுக்கு இழுக்கும். நானும் வாறேன்," என்றார் அப்பா, நாங்கள் கிளம்பும்போது.

"ஆருலே இது?" என்று பிஜு கேட்டான்.

அப்பாவின் கிழிந்த கைலியைப் பார்த்தேன். "வள்ளக்காரர்," என்றேன்.

அப்பா துடுப்பை என் கையில் தந்துவிட்டு விலகி நின்றார்.

காட்டுத் திட்டில் வள்ளக்கயிற்றை ஒரு வேரில் சும்மா சுற்றிவிட்டு இறங்கினோம். கேக்கில் கத்தி வைத்தபோது செல்வின், "எலே, வள்ளம் தனியா டூர் போவுது!" என்று சிரித்தான். ஆறு முழுவதும் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வள்ளம் பிறகு கிடைக்கவே இல்லை.

சாயங்காலம் அப்பா இரவல் வள்ளத்தில் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "ஏறுங்க சாரே," என்றார். நண்பர்கள் முன்னால் என் பொய்யைக் காப்பாற்றினார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அதன்பின் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். நான் சொன்னபடியே வெறும் வள்ளக்காரர் ஆனார். புது வள்ளம் வாங்கத் தேவையான ஏழாயிரம் ரூபாயைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.