பேச்சியின் தழும்பு

சீனியம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ‘பாவப்பட்ட ஜீவன்களின் தெய்வத்தாய்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஊனமுற்றோருக்கான ஒரு சங்கத்தின் பெயர். அவர் ஒரு மின்விசிறி கேட்டதற்கு ஆறு மாதம் அலையவிட்ட சங்கம் அது. ‘பாவம்’ என்று யாராவது வாய் திறந்தால் அவர் வாசலைக் காட்டிவிடுவார். நோட்டீஸைப் பார்த்திருந்தால் சாணியை எடுத்து அப்பியிருப்பார். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் யாரும் அதைக் கிழிக்கவில்லை. நானும் கிழிக்கவில்லை, எனக்கு பஸ் வந்துவிட்டது.

எண்பதுகளில் அவர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு லாயக்கில்லை என்று கழித்த மாவுக்கட்டுத் துணிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியின் பஞ்சுக் கிடங்கைத் திறந்து வைப்பார். கண் தெரியாதவர்கள், போலியோ வந்தவர்கள், காது கேளாதவர்கள், ஒரு குறையும் இல்லாத லாரி டிரைவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். துணியைத் தண்ணீரில் நனைத்து வேண்டியதைச் செய்யலாம். “நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? தண்ணி வச்சேன், துணி வச்சேன், அம்புட்டுத்தான்” என்பார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். மேற்பார்வை பார்ப்பவன் போலத்தான் முதல் நாள் அங்கே போனேன். புத்தி வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்தி ஈரத் துணியை உருட்டி இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள். மாவுக்கட்டு இறுகும்போது சுடும். சூடு வந்ததும் சிரித்தாள். ஆறியதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். “இந்தப் பிள்ளை என்ன செய்யுது?” என்று கேட்டேன்.

“சூடு செய்யுது சார். ஒங்களுக்கு வேற என்ன வேணும்?” என்றார் சீனியம்மாள். இந்தம்மாளுக்குக் கலை பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மம்சாபுரத்து மாடசாமிக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. அவர் மூன்று ஞாயிறு தன் மனைவி பேச்சியை எதிரே உட்காரவைத்தார். ஒரு கை அவள் முகத்தில், இன்னொரு கை கவிழ்த்த பானையின் மேல் ஒட்டிய ஈரத் துணியில். அரிவாள் பட்டு அவள் மோவாயில் ஒரு தழும்பு உண்டு. அதற்கு நூலை முறுக்கி, நாலைந்து தடவை பிய்த்து, பிறகு ஒரு மேடாகப் பதித்தார். “எம் பொண்டாட்டி எப்படி இருப்பான்னு எல்லாரும் பாக்கட்டும்” என்று மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் சங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. பெரிய அதிகாரி வருகிறார், கிடங்கில் செய்ததையெல்லாம் கொஞ்சம் பார்வையாக ஆக்கிக் கொடுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டியதுதான் தாமதம். மாடசாமி செய்த முகத்தில் அந்தத் தழும்பு என் கண்ணுக்கு வெறும் பிசிறாகத்தான் பட்டது; சுற்றிலும் பட்டி பார்த்து மட்டமாக்கினேன். ரோஸ் எனாமல் இரண்டு கோட்டிங் அடித்தேன். புருவம்கூட எழுதினேன். என் வேலையில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அதிகாரிக்கு முன்னால் மாடசாமியின் கையைப் பிடித்து அந்த முகத்தின் மேல் வைத்தார்கள். அவர் விரல் மோவாய்க்கு வந்து நின்றது. திரும்ப மேலே போய், திரும்ப வந்தது.

“ஏட்டி, இது யாரு?”

“நாந்தான். சினிமாக்காரி கணக்கா இருக்கேன்” என்றாள் பேச்சி.

அவர் அத்தனை பேருக்கு நடுவில் கையை நீட்டி அவளுடைய மோவாயைத் தடவிப் பார்த்தார். தழும்பு அங்கேயேதான் இருந்தது. “அப்ப இது நீ இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையைத் தொங்கவிட்டார். அதிகாரி கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

சீனியம்மாள் தட்டவில்லை. அடுத்த ஞாயிறு அந்த முகத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். “இது ஒங்க வேலை. நீங்களே வச்சுக்கிடுங்க.”

மாடசாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், இன்னொன்னு செஞ்சாப் போச்சு” என்றார். ஆனால் பேச்சி மறுபடி உட்காரச் சம்மதிக்கவில்லை. “சார் செஞ்சதுதான் நல்லாருக்கு. இந்தப் பாழாப்போன தழும்பை ஊருக்கெல்லாம் காட்டணுமாக்கும்?” என்று முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டாள். அதுவரை அவள் அதை மூடி நான் பார்த்ததில்லை. மாடசாமி அதன்பிறகு யார் முகத்தையும் செய்யவில்லை.

அதே மண்டபத்தில்தான் நாளை இரங்கல் கூட்டமாம். அதே செயலாளர் தலைமை. சீனியம்மாளின் ‘கலைத் தோழர்’ என்று என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். நான் பேசப்போவதில்லை, அந்த முகத்தைக் கொண்டுவருகிறேன். ஒருநாள் மனசு கேட்காமல் கத்தியால் பட்டியைச் சுரண்டினேன். பட்டியோடு நூலும் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது மோவாயில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. ஆளாளுக்குக் கையில் வாங்கித் தொட்டுப் பாருங்கள். முகம் மாடசாமி செய்தது. குழி நான் செய்தது.