ஆறு பேருக்கு மட்டும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. முன்பக்கம் கோட்டுப் போட்டவர்கள் சிரித்துச் சிரித்து ஃப்ரேம் விற்பார்கள். பின்பக்கம் இவள் எந்திரத்தின் முன் குனிந்து, வட்ட லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்தெடுப்பாள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. மயிரிழை கூடினால் லென்ஸ் உட்காராது. மயிரிழை குறைந்தால் போட்டவர் குனியும்போது கழன்று விழும். கண்ணும் கையும் அதற்குப் பழகியிருந்தன. வாய்தான் பழகவில்லை. ஒருவரிடம் போய் ஒன்று கேட்க வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது பிரசவ விடுப்பும் அதோடு சேர்த்து நீட்டிய விடுப்பும் முடிய ஆறு வாரம் இருந்தது. புருஷன் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் வீடு, நான்கு நாள் ரோடு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வெளியூர். கடை மேனேஜர் போன் செய்து ஒரு நல்ல சேதி சொன்னார்.

"குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டுற பணத்துல பாதியைக் கம்பெனி குடுக்குதும்மா. அந்தக் காப்பகத்தோட லைசென்ஸ் நம்பர் மட்டும் பாரத்துல எழுதிக் குடுத்துடணும். நம்பர் இல்லன்னா ஒண்ணும் கிடையாது."

அரசாங்கப் பட்டியலில் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் நான்கு காப்பகங்கள் இருந்தன. முதலாவதன் எண்ணுக்கு அடித்தபோது செல்போன் ரிப்பேர் கடைக்காரர் எடுத்தார். "இது மூணு வருஷமா என் நம்பரும்மா. தினம் ரெண்டு தாய்மார் கூப்பிடறாங்க" என்று அலுத்துக்கொண்டார். இரண்டாவதில் மூலைக்கு மூலை கேமரா, தரைக்கு மெத்தை, வரவேற்பில் மீன்தொட்டி. கட்டணத்தைக் கேட்டதும் அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நன்றி சொல்லி வந்துவிட்டாள். அதில் பாதி போனாலும் மீதிப் பாதி அவள் சம்பளத்தை விழுங்கிவிடும். மூன்றாவதில் ஒன்றரை வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். நான்காவதில் பெயரை எழுதிக்கொண்டார்கள். அறுபத்தோராவது பெயர்.

"எப்பக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாதுங்க. சில பேர் பள்ளிக்கூடத்துலயே சேர்த்துட்டு வந்து பேரை அடிக்கச் சொல்றாங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

பட்டியலில் இல்லாத ஓர் இடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பூட்டு அக்கா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தரைத்தள வீடு, ஒரு பெரிய கூடம், ஒன்பது குழந்தைகள். வெளிக்கதவில் ஒரு பூட்டு, பின்கதவில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மருந்து அலமாரியில் ஒன்று, சாவிக்கொத்து இடுப்பில். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு மூன்று வயதுப் பையன் திறந்த கதவு வழியே நடந்துபோய், பஸ் நிற்கும் மெயின் ரோட்டில் கிடைத்தானாம். கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல் அக்காவுக்குத் திறந்த கதவைக் கண்டால் ஆகாது.

கூடத்தின் ஓரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவரை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை.

அவள் மகளை இறக்கிவிட்டதும் அது நேரே தவழ்ந்துபோய் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு மனசு ஒருபக்கம் குளிர்ந்தது, ஒருபக்கம் சுருக்கென்றது.

"லைசென்ஸ் நம்பர் இருக்காக்கா?"

"நம்பரா? நான் புள்ளைங்களைப் பாத்துக்கறேன், லாட்டரிச் சீட்டா விக்கறேன்?"

விடுப்பு முடிந்ததும் அவள் மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு மாதம் முழுக் கட்டணமும் கைக்காசாகவே போனது. சம்பளத்தில் பாதிக்குமேல் அங்கேயே கரைந்தது. இரண்டாம் மாதம் முதல் தேதி, நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்து, அவள் கேட்டேவிட்டாள்: "நம்பர் வாங்கிடலாமேக்கா. பாரத்தையெல்லாம் நானே எழுதித் தர்றேன்."

அக்கா உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்து பழுப்பேறிய பாரம் ஒன்றை எடுத்துவந்தாள். ஏழு வருஷத்துக்கு முன்பு வாங்கியது. பெயர், முகவரி என்ற இரண்டு கட்டத்தோடு நின்றிருந்தது. "மூணாவது கட்டத்துலயே தலை சுத்திடுச்சு" என்றாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவள் கட்டம் கட்டமாக எழுதினாள். புருஷன் ரோட்டிலிருந்து வந்த ஒரு நாளில் பின்கதவுப் பூட்டைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்து கையால் அழுத்தினால் திறக்கிற கம்பியைப் பொருத்தினான். தீ விபத்து விதி அப்படி. அக்கா பக்கத்தில் நின்று, யாரோ தன் பல்லைப் பிடுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் கம்பி இருக்கிறது என்று அவன் மூன்று தரம் குந்தி எழுந்து காட்டிய பிறகே மூச்சு விட்டாள்.

ஆய்வாளர் ஒல்லியான பெண். அதிகம் பேசவில்லை. டேப்பை இழுத்துக் கூடத்தை அளந்தார், தண்ணீரைப் பார்த்தார், கழிப்பறைப் படியில் ஏறி இறங்கினார். பின்கதவை அழுத்தித் திறந்து தலையசைத்தார். வேலைக்குப் போகுமுன் அக்காவோடு நின்ற அவளுக்குத் தோளிலிருந்து சுமை இறங்கியதுபோல் இருந்தது. அப்போது ஆய்வாளர் சொன்னார்:

"எல்லாம் சரி. ஆனா பெரியவங்க ஒருத்தருக்கு ஆறு குழந்தைதான். நீங்க ஒருத்தர்தானே? ஆறு பேருக்கு மட்டும் தர்றேன்."

"இப்ப பத்துப் பேர் இருக்காங்களே!" என்றாள் அக்கா.

"நாலு பேரைக் குறைச்சுட்டுச் சொல்லுங்க. இல்ல, பயிற்சி முடிச்ச இன்னொருத்தரைச் சேருங்க."

அன்று சாயங்காலம் குழந்தையை எடுக்க வந்தபோது அக்கா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். கடைசியாகச் சேர்ந்த நாலு பேரை அனுப்புவதாக முடிவு செய்திருந்தாள். கடைசியிலும் கடைசி இவளுடைய மகள்.

"பாரம் எழுதினவ நீதான், எனக்குத் தெரியும். ஆனா உன் புள்ளையை மட்டும் வச்சுக்கிட்டா மத்த மூணு பேர் முகத்துல எப்படி முழிப்பேன், சொல்லு."

அக்கா சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. குழந்தையின் பையை மாட்டிக்கொண்டு திரும்பியபோது, அனுப்பப்படுகிற இன்னொரு குழந்தையின் தாய், சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், எதிரே வந்தாள்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததைக் கிளறி விட்டது நீதானா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் இருந்த முதல் வாரம் முழுவதும் ஆத்திரமும் வெட்கமும் மாறி மாறி வந்தன. எட்டாம் நாள், மகளின் போர்வையை எடுக்க அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சமையலறையில் இருந்தாள். கூடத்தில் கண்டக்டர் உட்கார்ந்தபடியே விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறாவது ஆளு எங்க? கட்டிலுக்குக் கீழ. சரி, வண்டி போகலாம்." குழந்தைகள் கலகலவென்று சிரித்தன. ஒன்று அவர் முழங்காலில் ஏறியது. அவர் கீழே இறக்கவில்லை.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு நேரே சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, மாமாவைப் பயிற்சிக்கு அனுப்புங்களேன்."

"யாரு, இவரையா? தன் வேட்டியைத் தேடிக் கட்டத் தெரியாத மனுஷன்!"

"முப்பது வருஷம் பஸ்ல தலை எண்ணியிருக்கார்க்கா. ஒருத்தரையும் விட்டுட்டு வந்ததில்லயே."

கூடத்திலிருந்து குரல் வந்தது: "ஒரு தடவை விட்டிருக்கேன். டிரைவரை."

பயிற்சி நாற்பது நாள். இருபத்திரண்டு பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் ஆண். முதல் நாள் வெட்கத்தில் பாதியில் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரை பஸ்ஸில் கூட்டிப்போய் வாசலில் விட்டாள். டயபர் மாற்றும் பாடத்தில் அவருக்கு நல்ல மதிப்பெண். பொம்மைக்கு மூச்சுக் கொடுக்கிற பாடத்தில் பொம்மையின் விலா எலும்பு கழன்றுவிட்டது. கடைசியில் சான்றிதழ் வந்தது. ஆய்வாளர் மறுபடி வந்து, காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விதியில பொம்பளைன்னு எங்கயும் போடல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டார்.

பன்னிரண்டு பேருக்கு அனுமதி. நம்பர் வந்த மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். கம்பெனி அந்த மாதத்திலிருந்துதான் பாதி கொடுத்தது. பழையதற்குக் கிடையாது என்றது. அவளும் வற்புறுத்தவில்லை.

அனுப்பப்பட்ட மற்ற மூன்று குழந்தைகளில் ஒன்று திரும்பி வந்தது. ஒரு குடும்பம் ஊர் மாறிப் போயிருந்தது. இஸ்திரிக்காரியின் வீட்டுக்கு அவள் தானே நடந்துபோய்ச் சொன்னாள். அதற்குள் இஸ்திரிக்காரி தன் மாமியார் ஊரில் குழந்தையைக் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருக்கணும் இதை" என்றாள் இஸ்திரிக்காரி. "இப்ப அது என்னைப் பாத்தா அழுவுது. எங்கிட்ட வரமாட்டேங்குது."

இஸ்திரிக்காரி உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, ஒரு சட்டையின் காலரை நீவத் தொடங்கினாள்.