ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள்

சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி, ட்ரம்ஸுக்கு முன்னால் ஒரு கதிரையில் சாய்த்து வைத்தது நான்தான். அக்காவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த மணிக்கூடு. அது அந்த வீட்டில் தொங்கிய இத்தனை வருடத்தில் அத்தான் ஒருநாளாவது அதை நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டதில்லை. அன்று பின்னேரம் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார், ஒன்றும் படிக்காமல் சோதனை மண்டபத்துக்கு வந்த பிள்ளையைப் போல. நல்லூரில் ரியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அத்தான் என் அக்காவைக் கட்டியவர். குருநகரில் பிறந்தவர். கொழும்புத்துறைக் கரையில் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்துகிறவர். அவரும் அவருடைய தம்பியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருக்கிறார்கள். கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்பெற், ஓர்கன், ட்ரம்ஸ். பாட்டுக்காரர் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுப்பார்கள். இரண்டு தரம் நல்ல பிள்ளைகளாக வாசிப்பார்கள். பிறகு அத்தான் கண்ணை மூடுவார், அதோடு மெட்டு காணாமல் போய்விடும். கிற்றார் தன் பாட்டில் எங்கேயோ போகும், ட்ரம்பெற் அதைத் தேடிக்கொண்டு போகும், வழியில் இரண்டும் சண்டை பிடிக்கும், சமாதானமாகும். ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசிக்கமாட்டார்கள். வாசிக்கச் சொன்னாலும் வராது. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் கழித்து, இனி வராது என்று நாங்கள் கைவிட்ட நேரத்தில் அந்த முதல் மெட்டு திரும்பி வரும். அப்போது உடம்பு சிலிர்க்கும் பாருங்கள், அதை எழுதி விளங்கப்படுத்த என்னால் முடியாது.

அதற்காகவே ஊர் ஊராகப் பின்னால் திரிந்த கூட்டம் நாங்கள். எங்களை நீட்டுக்காரர் என்று சனம் பழித்தது, நாங்களும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டோம். குருநகர் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரரும் வேறு எந்த விஷயத்துக்காக ஒரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கியடித்து இருந்திருப்பார்கள்? கச்சேரி முடிகிறபோது கடைசி பஸ் போய்விட்டிருக்கும் என்பதால் தோட்டக்காரர் ஒருவர் லான்ட்மாஸ்டரோடுதான் வருவார். திரும்புகிற வழியெல்லாம் வாய்ச்சண்டை. மானிப்பாய் வாசிப்புத் திறமா, நாவாந்துறை வாசிப்புத் திறமா என்று தொடங்கினால் ஆளை ஆள் இறக்கிவிடுகிற அளவுக்குப் போகும். மெட்டு திரும்பி வருவதற்குக் குருநகரார் வைத்த பெயர் கரைக்கு வருவது. தோட்டக்காரருக்கு அது வரம்புக்கு வருவது. இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

எங்களுக்குத் தலைவர் என்று சொன்னால் மானிப்பாயில் இருந்து வருகிற போஸ்ட்மாஸ்டர் ஐயாதான். ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். எங்களுக்கு இருந்த ஒரேயொரு சட்டமும் அவர் போட்டதுதான்: கோஷ்டியைப் பார்த்து யாரும் எதையும் கேட்டுக் கத்தக்கூடாது. புதிதாக வந்த பெடியன் யாராவது வாய் திறந்தால் திரும்பிப் பார்ப்பார். "தம்பி, கேட்டு வாங்கிறதெண்டால் வீட்டை இருந்து ரேடியோவைப் போடும். உவை தங்கடை பாட்டிலை வாசிக்கட்டும்" என்பார். பெடியன் அதற்குப் பிறகு இருமக்கூடமாட்டான்.

நாங்கள் சந்தோசமாகத்தான் இருந்தோம். கூப்பிட்டவர்களின் பாடுதான் திண்டாட்டம். பெருநாள் கச்சேரியில் இவர்களுக்குப் பிறகு நாடகம் போட வேசம் கட்டி நின்றவர்கள் மை கரையக் கரைய நின்றார்கள். ஒரு கோயிலில் சுவாமி வெளிவீதி வந்து நிற்க, இவர்கள் இன்னும் கரைக்கு வரவில்லை. அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் என்னைச் சந்தையில் கண்டபோதும் ஏசினார். மெல்ல மெல்ல அழைப்புகள் நின்றன. ஒரு முழுத் திருவிழாக் காலம் யாருமே கூப்பிடவில்லை. ட்ரம்ஸ் அடிக்கிற தம்பி வேலைக்குக் கட்டாருக்குப் போக ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்து, "அண்ணை, இனி ஒருதரும் கூப்பிடாயினம். நான் வெளிக்கிடுறன்" என்றார். தம்பி போனால் கோஷ்டி இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கா அன்று எனக்கு ஃபோன் எடுத்து, "மனுசன் கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழை தள்ளிப்போட்டார்" என்று அழுதாள்.

அந்த நேரத்தில்தான் பட்டணத்து மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி ஒன்று வந்தது. சென்னையில் இருந்து ஒரு பாடகி வருகிறார். அவருக்கு முன்னால் உள்ளூர்க் கோஷ்டி ஒன்று வாசிக்கவேண்டும், ஐந்தே நிமிடம். ஏற்பாட்டாளர், கையில் இரண்டு ஃபோனோடு திரிகிற இளம் ஆள், அத்தானிடம் நேரடியாகவே சொன்னார். "அண்ணை, உங்கடை கதை கேள்விப்பட்டனான். ஆறாவது நிமிசம் கரண்டை நிப்பாட்டிப்போடுவன், கோவிக்கக்கூடாது." அத்தான் ரோசக்காரர். ஆனாலும் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்று சொன்னார். அந்த ஓம் அவருக்கு எவ்வளவு கசந்தது என்று எனக்குத் தெரியும். இது சரிவந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் கட்டார் என்று தம்பி சொல்லியிருந்தார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இவர்களுக்கு முடிக்கத் தெரியாது! தொடங்கத் தெரியும், போகத் தெரியும், திரும்பி வரத் தெரியும். குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்பது எப்படியென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ட்ரம்ஸ் நின்ற பிறகும் ட்ரம்பெற் ஊதும். ட்ரம்பெற் நின்றால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நீட்டுக்காகவே வாழ்ந்த நாங்கள் இப்போது நிறுத்தப் பழக்க வந்தோம். லான்ட்மாஸ்டர் கொண்டுவருகிற தோட்டக்காரர் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று மாடு மறிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்தார். சிலர் இது எங்களுக்கே வெட்கக்கேடு என்று கோபித்துக்கொண்டு போனார்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயா மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து இருந்தார். "கோஷ்டி இருந்தால்தானே பிள்ளை, பிறகு நீட்டலாம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். ஒருவழியாக முடிக்கவும் பழகினார்கள்.

நிகழ்ச்சியன்று பின்னேரம் மைதானம் நிறைந்த சனம். எங்கள் ஆட்கள் ஒன்றாக இருக்க இடம் கிடைக்காமல் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிப்போனோம். நானும் ஐயாவும் முன்னுக்கு ஒரு கரையில் நின்றோம். அத்தான் கண்ணை மூடாமல் வாசித்தார். ஐந்து நிமிடம் ஆகமுன்பே எல்லோரும் ஒன்றாக நின்றார்கள், சுத்தமாக. சனத்துக்கு அவர்கள் தொடங்கியதும் தெரியாது, முடித்ததும் தெரியாது. எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தது. அத்தான் குனிந்து கிற்றார் வயரைக் கழற்றப் போனார். எங்கள் கூட்டத்துக்கு முன்னால் வாசித்துப் பழகிய ஒரு மனுசனைத் தனியாக விட்டுவிட்டோமே என்று இருந்தது.

அப்போதுதான் ஏற்பாட்டாளர் மேடைக்கு ஓடிவந்தார். பாடகி வந்த வான் மாங்குளத்துக்கு அங்காலே பழுதாகி நின்றுவிட்டதாம், வேறு வான் அனுப்பியிருக்கிறார்களாம். செய்தி எப்படியோ கசிந்து, பின்னால் இருந்து தண்ணீர்ப் போத்தல்கள் பறக்கத் தொடங்கின. "அண்ணை, வான் வரும் மட்டும் கொஞ்சம் வாசியுங்கோவன்" என்று கெஞ்சினார். மைக் நிறுத்தப்படவில்லை என்பதால் எல்லோருக்கும் கேட்டது. அத்தான் வயரைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்கள் தந்த அஞ்சு நிமிசம் முடிஞ்சுது தம்பி" என்றார். ரோசம். எனக்கு மேடையில் ஏறி அவரை உலுக்கவேண்டும் போல இருந்தது. தம்பி ட்ரம்ஸ் தடியைப் பிடித்தபடி அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாரும் குருநகரும் அந்த ஒரு பார்வையில் இருந்தன.

"நீட்டு!"

யார் கத்தியது என்று நான் திரும்பிப் பார்த்தேன். போஸ்ட்மாஸ்டர் ஐயா. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டாம் தரமும் கத்தினார். "நீட்டு ராசா, நீட்டு!" எங்கள் சட்டத்தைப் போட்ட மனுசன்! ஒரு கணம் எங்கள் ஆட்களுக்கே நம்பமுடியவில்லை. பிறகு இடப்பக்கம் இருந்து ஒரு குரல், பின்னால் மரத்தடியில் இருந்து தோட்டக்காரரின் குரல், பெண்கள் பக்கத்தில் இருந்து என் அக்காவின் குரல். சிதறிப்போனோம் என்று நான் கவலைப்பட்டேனே, சிதறியதால்தான் மைதானம் முழுக்க எங்கள் சத்தம் இருந்தது. தெரியாத சனமும் சேர்ந்து கத்தியது. அத்தான் வயரைத் திரும்பக் கொழுவினார். ஓம், கண்ணை மூடினார்.

அன்று வாசித்ததுபோல அவர்கள் முன்பும் வாசித்ததில்லை, பின்பும் வாசித்ததில்லை. போத்தல் எறிந்த பெடியள் கை தட்டினார்கள். கச்சான் உடைத்த குடும்பம் கதிரையைத் தள்ளிவிட்டு ஆடியது. வெயில் இறங்கி, மேடை விளக்குகள் வந்து, பாடகியும் வந்துசேர்ந்தார். ஏற்பாட்டாளர் மேடை ஓரத்தில் நின்று இரண்டு கையாலும் நிறுத்தச் சொல்லி ஆட்டினார். மூடிய கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது? பாடகிதான் ஏற்பாட்டாளரின் கையைப் பிடித்து இறக்கி, "அவங்க முடிக்கட்டும்" என்றார். கடைசியில் அந்த மெட்டு திரும்பி வந்தபோது, அதை முதலில் கவனிக்காமல் விட்ட அத்தனை ஆயிரம் பேரும் ஒன்றாகப் பாடினார்கள். நான் வாய்விட்டு அழுதேன். ஐயா குரல் போய், காற்று மட்டும் வருகிற தொண்டையால் பாடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் தம்பி ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது அவர்களை எந்த நிகழ்ச்சியிலும் கடைசியாகத்தான் போடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் என்று ஒருவரும் இல்லாதபடி. போன கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அத்தானுக்கு ஒரு கோயில் தலைவரின் அழைப்பு வந்தது. கையெல்லாம் இஞ்சின் எண்ணெய் என்பதால் ஃபோனை நான்தான் அவருடைய காதருகில் பிடித்தேன். எவ்வளவு நேரம் வாசிப்பியள் என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது ஐயா" என்றார் அத்தான். முன்பென்றால் அந்தப் பதிலோடு ஃபோனை வைத்துவிடுவார்கள். இந்தத் தலைவர் சொன்னார்: "அப்ப சரி தம்பி, பூசையை நாங்கள் நேரத்தோடையே முடிச்சுப்போடுறம்."